சாக்கு எடை

முழங்கால் மாற்று அறுவைக்கு முன் என் மனைவி எட்டு கிலோ குறைய வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். சீட்டில் எழுதவில்லை, வாயால் சொன்னார். வாய்மொழி உத்தரவு செல்லாது என்று அலுவலகத்தில் காலமெல்லாம் சொல்லி வந்தவன் நான். ஆனால் வலிக்கிற முழங்கால் என்னுடையதல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் வரிசையாகப் போய் நற்கருணை வாங்குவார்கள். இவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சாமியார் இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போவார். "சாகக் கெடக்கறவளுக்குக் கொண்டாந்து குடுக்கற மாதிரி இருக்கு," என்றாள் ஒரு நாள். பீடம் வரைக்கும் நடந்து போய் வாங்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எடை குறைப்புத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் ஜவுளிக்கடைக்கு அடுத்தபடியாகப் பெருகியிருப்பவை இவைதான். கேள்விகளை எழுதி ஒரு கோப்பு போட்டேன். நடத்துகிறவர் என்ன படித்தவர்? ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? திட்டத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் போனை வைத்தவர்கள் இரண்டு பேர். மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்றவர் ஒருவர். பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் தினமும் காலையில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் குடிக்கச் சொன்னார். தேங்காய் விலை விழுந்திருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு மருத்துவக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

கோப்பு தடித்துக்கொண்டே போனது. மனைவி மெலியவில்லை. ஒரு நாள் என்னிடம் சொல்லாமல் எதிர்வீட்டு அம்மாளுடன் போய் ஒரு நிலையத்தில் சேர்ந்துவிட்டாள். காலையில் மாவு கரைத்த பானம், நாள் முழுக்க உப்பில்லாத காய், நடுவில் மூன்று வேளை மூலிகைத் தேநீர். அந்தத் தேநீரைக் குடித்தால் அரை மணிக்கொரு தரம் கழிப்பறைக்கு ஓட வேண்டும், அந்தக் காலோடு.

பத்தாம் நாள் காலையில் நானும் கூடப் போனேன். கோச் என்ற பட்டத்தோடு பனியன் போட்ட பெண் ஒருத்தி எடை பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஆன்ட்டி மூணரை கிலோ! எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். என் மனைவியின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"மொத நாள் எடை எப்ப எடுத்தீங்க?"

"சாயங்காலம், அங்கிள்."

"சாப்பிட்ட பிறகா?"

"வெல்கம் ட்ரிங்க் குடுத்துட்டுத்தான் எடுப்போம்."

"இன்னிக்கு?"

"வெறும் வயித்துல."

மனைவி பக்கம் திரும்பினேன். "அன்னிக்கு என்ன புடவை கட்டியிருந்தே?"

"பட்டு. கல்யாண வீட்லேர்ந்து நேரா வந்தோம்." அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"செருப்பு?"

"கழட்டச் சொல்லலை."

"அங்கிள், நீங்க என்ன போலீஸா?" என்றாள் கோச்.

"இல்லம்மா. நெல் எடுத்தவன்."

நெல் கொள்முதல் நிலையத்தில் தரம் பார்ப்பது என் உத்தியோகமாக இருந்தது. சாக்கோடு நிறுத்தால் சாக்கு எடையைக் கழிக்க வேண்டும். ஈர நெல் காய்ந்தால் எடை குறையும், ஆனால் ஒரு மணி நெல்கூடக் குறைந்திருக்காது. இவர்கள் முதல் நாள் சாக்கோடு நிறுத்திருக்கிறார்கள், பத்தாம் நாள் சாக்கை உருவிவிட்டு, ஈரத்தையும் காயவைத்து நிறுத்திருக்கிறார்கள். இதை அத்தனை பேர் முன்னால் விளக்கினேன். யாரும் கை தட்டவில்லை. அன்று சாயங்காலமே அதே பட்டுப் புடவை, அதே செருப்பு, அதே பானத்தோடு மறுபடி ஏறச் சொன்னேன். முதல் நாளைவிடக் குறைந்திருந்தது நானூறு கிராம்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். பெரிய கோயில் தாண்டியதும் அவள் சொன்னாள்: "கொறஞ்ச மூணு கிலோவத் திருப்பி என் மேலயே ஏத்திட்டீங்க. நல்லது. இனிமே என்ன பண்றது? அது இருக்கா உங்க கோப்புல?"

இல்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு மருத்துவமனையின் பின்கட்டு அறைக்கு. உணவு ஆலோசகர் அம்மாள் எதற்கும் உறுதியளிக்கவில்லை, அதனால் உட்கார்ந்தேன். மாத்திரைச் சீட்டை முழுக்கப் படித்தார். ஆறு மாதத்துக்கு மேலேயே ஆகலாம் என்றார். என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, நான் எழுதாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"தெனம் எவ்ளோ அரிசி வடிக்கிறீங்க?"

"நாலு ஆழாக்கு," என்றாள் மனைவி.

"வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்தான். பிள்ளைங்க இருந்தப்ப போட்ட அளவு."

"மீந்தா?"

"எங்க வீட்ல சோறு எறியறதில்லீங்க," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப எங்க போகுது?"

மனைவி என்னைப் பார்க்காமல் அந்த அம்மாளிடம் சொன்னாள்: "பானை தொடைச்சுக் கெடந்தா இவருக்கு ஆகாது. நெல்லுக்காரன் வீட்டுப் பானைல எப்பவும் சோறு கெடக்கணும்பாரு. தண்ணி ஊத்தி வச்சு, காலைல அதை நான்தான் சாப்புடறேன். இவருக்கு இட்லி."

அந்த அம்மாள் ஒன்றரை ஆழாக்கு என்று தாளில் எழுதி, அதை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

இப்போது நான்தான் அரிசி அளக்கிறேன். ராத்திரி பானை காலியாகக் கவிழ்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, இன்றுவரை. எங்கள் தெருமுனையில் பத்தே நாளில் எடை குறைப்பதாகப் புதிதாக ஒரு பலகை வந்திருக்கிறது. அதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

எட்டாவது மாதம் எலும்பு டாக்டரின் அறையில் அவள் செருப்பைக் கழற்றினாள். கைப்பை, வளையல், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு எடைக்கருவியில் ஏறினாள்.

"சாக்கு எல்லாம் கழிச்சாச்சு. படிங்க."

படித்தேன். ஆறரை கிலோ குறைந்திருந்தது. அதில் மறுப்பு எதுவும் தேட எனக்கு வழியில்லை. டாக்டர் போதும் என்றார். இந்த முறை அறுவைக்கான தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

கோப்பில் வைக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.