நாற்பத்தேழாம் நம்பர் நூல்

தொண்ணூறுகளில் சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கம்பெனியின் நூல் கிடங்கை நான் பார்த்துவந்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் எழுதிய பெண், அதன் செட்டிங்ஸில் ஒவ்வொரு நூல் நம்பருக்கும் நேராக அதன் நிறத்தை அடிக்கச் சொன்னார். என் நோட்டில் 212 நிறங்கள். எண்ணி எண்ணி அடித்தேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தால் 211தான் இருந்தது.

“ஏனுங்க அம்மணி, உங்க பெட்டி ஒண்ணைத் தின்னுபோட்டுதுங்க!” என்று குதித்தேன்.

அவர் என் நோட்டைத் திரையோடு ஒப்பிட்டார். “ஒரு நம்பருக்கு ஒரு நிறந்தானுங்க நிக்கும். 47ல சிவப்பு அடிச்சீங்க, அப்பறம் அதுலயே மஞ்சளும் அடிச்சுபோட்டீங்க. பழசு போயிருச்சுங்க.”

நோட்டில் இரண்டு இடத்தில் 47, என் கையெழுத்திலேயே. போன மாதம் 47 என்று சீட்டு கொடுத்து, சிவப்பு கேட்டால் மஞ்சள் நெய்தாயா என்று நெசவாளர் வேலுச்சாமியை எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். 47 ஒட்டிய மூட்டையைத்தான் எடுத்தேன் என்றார், நான் நம்பவில்லை. அதோடு அவர் நூல் வாங்க வருவதை நிறுத்திவிட்டார்.

அன்று மாலையே நோட்டோடு அவர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன்.

தறியை நிறுத்திவிட்டு வேலுச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். “என்னையத் திட்டுனவீங்க நெறயப் பேருங்க. தப்புன்னு சொல்ல ஊடு தேடி வந்தது நீங்க ஒருத்தருதானுங்க. அதையும் எண்ணி வெச்சுக்குங்க!”

மறுநாள் மஞ்சளுக்கு 212 என்று புது நம்பர் அடித்தேன். அந்த நூலை முதலில் வாங்கிப்போனவர் வேலுச்சாமிதான். இன்றும் எண்ணிக்கை குறைந்தால் பதறுகிறேன். ஆனால் முதலில் என் நோட்டைத்தான் புரட்டுகிறேன்.