மேடையில் நின்ற புகார்

எங்கள் வெர்மான்ட் ஊரில் ஜூலை நான்காம் தேதி பூங்கா மேடையேறி அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வாசிப்பவன் வெண்டல் திபோ. இரும்புக் கடைக்காரன், என் அக்கா லோர்னாவின் புருஷன். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கணீரென்று வாசிப்பான். நடுவிலுள்ள, இங்கிலாந்து அரசன் மீதான புகார்களைத் தாண்டிவிடுவான். யாரும் குறைப்பட்டதில்லை. அடுப்பில் சாசேஜ் கருகிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் ஊர்ச் சபைத் தேர்தலில் நின்றான். பால்பண்ணை வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் குடியிருக்க, மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு விடக் கூடாது. அது ஒன்றுதான் கொள்கை. "நாட்டை உண்டாக்கினவங்க இதுக்கா உண்டாக்கினாங்க?" என்று ஆணி நிறுக்கும்போதும் கேட்பான். அவன் தாத்தா கனடாவின் கியூபெக்கிலிருந்து யாருக்கும் சொல்லாமல் எல்லை தாண்டி வந்தவர். அதற்கு வெண்டல் வைத்திருந்த பெயர் துணிச்சல்.

எதிர்த்து நின்ற பெர்னிஸ், "பாதி வாசிக்கிறவன் பாதி தேசபக்தன்" என்று கிளப்பிவிட்டாள். வெண்டலுக்கு வீம்பு ஏறிவிட்டது.

"முழுசா வாசிக்கிறேன். ஒரு எழுத்து விடமாட்டேன்."

"வீட்டுல ஒருதரம் படிச்சுப் பாரேன்" என்றாள் லோர்னா.

"எனக்கேவா? ரத்தத்துல ஊறினது அது."

ஜூலை நான்கு அன்று ஒவ்வொரு புகாருக்கும் கைதட்டல். சபைகளைக் கலைத்தானாம் அரசன், தட்டினார்கள். அடுத்தது: வெளிநாட்டார் இங்கே வந்து குடியேறாதபடி தடுத்தான், குடியுரிமைச் சட்டங்களுக்கு முட்டுக்கட்டை போட்டான்.

வெண்டல் நின்றுவிட்டான். உதடு அசைய மறுபடி படித்தான். பிறகு, தாளை அச்சடித்துக் கொடுத்த என் பக்கம் திரும்பினான்.

"இதை யாரு இதுல சேர்த்தது?"

மைக் அணைக்கப்படவில்லை.

"சேர்த்தவங்க செத்து ரொம்ப நாளாச்சுப்பா, மேல படி!" என்றாள் பெர்னிஸ். பூங்காவே சிரித்தது. மிச்சத்தைக் கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளைபோல வாசித்து முடித்தான்.

தோற்பான் என்று நினைத்தேன். எங்கள் ஊரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குப் புத்தி இல்லை. நன்றாகவே ஜெயித்தான். அந்த மெக்சிகோக்காரர்களை வேலைக்கு வைத்திருந்த பால்பண்ணை வால்ட்டரே அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம்: "மேடையில நிக்கிற மனுஷனைப் பார்த்துச் சிரிக்கலாமா?"

பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்தது. குளிர் வருமுன் அந்தக் குடும்பங்கள் நியூயார்க் பக்கம் போய்விட்டன. வால்ட்டர் தானே விடியுமுன் எழுந்து மாடு கறக்கிறார். கையுறை வாங்கக் கடைக்கு வந்தவர் கேட்டார்:

"வேலைக்கு யாராச்சும் கிடைப்பாங்களா, வெண்டல்?"

"எங்க? நம்ம பசங்களுக்கு உடம்பு வணங்கலை" என்றார் சபை உறுப்பினர், பெட்டியிலிருந்து பெரிய அளவு ஜோடியை எடுத்தபடி.