பூஜை அலமாரியில் இருந்த பெட்டி

மோகனப்ரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவள் போட மறுத்த கையெழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதைக் கேட்ட மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ரேணிகுண்டாவில் நாங்கள் வேலை செய்யும் பட்டறையில் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியும், கோழி முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டியும் செய்கிறார்கள். நான் பிச்சாட்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து கூட்டிப் பெருக்கி டீ போடுகிறவள். புருஷன் செத்த வருஷம் சேர்ந்தேன். மோகனப்ரியா திருத்தணியிலிருந்து ரயிலில் வருவாள். நெசவுக்காரர் மகள், டிப்ளமோ படித்தவள். சாப்பாட்டில் கை வைத்தபின் வேலை ஞாபகம் வந்தால் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போகிற ஜாதி. செய்து முடித்த பெட்டிகளைச் சோதித்து, மூடியில் தன் பெயரை ஒட்டுவது அவள் வேலை. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்குப் புரோகிராம் எழுதுவது ஹரிபாபு.

எழுதுவதாவது! முதன்முதலில் நன்றாக விற்ற விசிறிப் பெட்டியை முதலாளி புருஷோத்தமன் மலைக்கோயிலுக்குக் கொண்டுபோய் வேண்டிக்கொண்டு வந்து, பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். தினமும் காலையில் அதற்குக் குங்குமம் வைக்கிறவளே நான்தான். அதில் இருக்கும் எண்களை யாரும் தொடக் கூடாது. புதிதாக எதைச் செய்தாலும் அந்தப் புரோகிராமைத்தான் நகல் எடுக்க வேண்டும். முட்டைப் பெட்டிக்கும் அதுவேதான்.

ஒருநாள் சந்திரகிரிப் பக்கம் கோழி வளர்க்கும் ரங்கையா, வாங்கிய பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முந்நூறு முட்டையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.

“கொஞ்சம் திருப்புனா முப்பத்தாறு டிகிரி. இன்னும் துளி திருப்புனா முப்பத்தொன்பது. நடுவுல நிக்கவே மாட்டேங்குது சார்! எங்க வூட்டு கோழியே இத்தவிட ஒழுங்கா குந்தும்!”

முதலாளி எதையும் விசாரிக்கவில்லை. மூடியில் இருந்த பெயரைப் பார்த்தார். “சோதனையில் என் கவனக்குறைவால் நடந்த தவறு” என்று ஒரு கடிதம் அடித்துக் கொண்டுவந்து, மோகனப்ரியாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் வேலை போகும். அந்தக் கடிதம் இருக்கும்வரை வேறு எவனும் அவளைச் சேர்க்க மாட்டான்.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“இன்னா பாப்பா, நீ செஞ்ச தப்பா இது?”

“இல்ல பெரிம்மா. இந்த சிப்பு ஒரு செகண்டுக்கு பத்து லட்சம் எண்ணும். கரண்ட்ட போட்டு போட்டு நிறுத்தும். ஒவ்வொரு வாட்டியும் எவ்ளோ நேரம் போட்டு வைக்குதோ அவ்ளோ சூடு. விசிறி கொய்ங்குன்னு கத்தக் கூடாதுன்னு ஹரிபாபு அண்ணன் செகண்டுக்கு இருவத்தஞ்சாயிரம் வாட்டி போட்டு நிறுத்த வச்சாரு. அப்ப ஒரு வாட்டிக்கு மிஞ்சறது நாப்பது எண்ணுதான். சூடும் நாப்பது படியாத்தான் ஏறும்.”

“முட்டைக்கு எதுக்குடி அவ்ளோ அவசரம்? அதுல இருக்கிற சூட்டுக் கம்பி கத்தப் போவுதா?”

“அதத்தான் நானும் சொல்றேன். செகண்டுக்கு ஆயிரம் வாட்டி போதும். படியும் ஆயிரம் கெடைக்கும்.”

“யாராண்ட சொன்ன?”

“போன மாசமே சாராண்ட சொன்னேன். சாமி பெட்டி நம்பர்ல கை வைக்காத, பேர ஒட்டி அனுப்புன்னாரு.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராகப் போய் அந்தப் பெட்டியைப் பூவோடும் பொட்டோடும் தூக்கி, ரங்கையா முன்னாலேயே முதலாளி மேசையில் வைத்தேன்.

“செல்லிம்மா! பைத்தியம் புடிச்சிக்கிச்சா உனக்கு?”

“சாமி உன் விசிறிக்கு வரம் குடுத்தாரு நைனா, முட்டைக்கு குடுக்கல. இத்த காட்டி அந்தப் பொண்ணு சோத்துல மண்ணு போடாத. அவ சொன்னத ஒரு வாட்டி செஞ்சி பாரு.”

ஹரிபாபு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாருங்கள்!

ரங்கையா எதிரில் மறுக்க முடியாமல் முதலாளி தலையாட்டினார். மோகனப்ரியா ரங்கையாவின் பெட்டியில் சூட்டுக் கம்பிக்குப் பதில் ஒரு சின்ன பல்பை மாட்டிக் குமிழைத் திருகினாள். வெளிச்சம் தாவித் தாவி ஏறியது. கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றி, மறுபடி திருகினாள். எங்கே ஏறியது என்றே தெரியாமல் ஏறியது. பிறகு பல்பைக் கழற்றிவிட்டுச் சூட்டுக் கம்பியை மாட்டினாள். நாங்கள் டீ குடித்து முடிக்கும் நேரத்தில் ரங்கையா கத்தினார்:

“முப்பத்தேழரை! நிக்குது சார், அசையாம நிக்குது!”

அதற்கப்புறமாவது அந்த மனுஷனுக்கு வெட்கம் வந்ததா? இல்லை.

“சரி, சரி. ஃபைலுக்கு வேணும், அந்த லெட்டர்ல மட்டும் ஒரு கையெழுத்து போட்டுடும்மா.”

அவள் கடிதத்தை வாங்கினாள். குறுக்கே இரண்டு கோடு கிழித்தாள். பின்பக்கம் எழுதி, உரக்கப் படித்தாள்: “நாற்பது படி ஆயிரமாக மாற்றப்பட்டது. இதைப் போன மாதமே சொன்னேன்.” கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“இத்த ஃபைல்ல வைங்க சார்.”

ரங்கையா அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். இனி கிழித்துப் போடவும் வழியில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், முதலாளி புது முட்டைப் பெட்டி ஒன்றை அலமாரியில் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.

“பொட்டு வை செல்லிம்மா.”

“வைக்கமாட்டேன். வச்சா, நாளைக்கு விசிறிக்கும் இதத்தான் நகல் எடுக்கச் சொல்லுவ.”

முணுமுணுத்துக்கொண்டே அவரே கோணலாக வைத்தார். ரயில் இறங்கி வந்த மோகனப்ரியா அதைப் பார்த்தாள். பெட்டியை இறக்கினாள். துப்பட்டாவால் பொட்டைத் துடைத்தாள். “இது இன்னும் டெஸ்ட் பண்ணல சார்” என்று சொல்லித் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.