கண்ணுக்குத் தெரியாத தலைப்பு

அவள் குரலைக் கேட்டதும் ஆட்கள் தொலைபேசியை வைத்துவிடுவது கொஞ்ச நாளாகவே நடந்துகொண்டிருந்தது.

"ஹலோ, கண் செய்யற கடைங்க" என்பாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு அதுவும் நின்றுபோகும். ஒருமுறை ஒரு பெண் "ஐயோ!" என்று அலறினாள். இன்னொரு முறை யாரோ ஒரு முதியவர், தழுதழுத்த குரலில், "எங்கேருந்தும்மா பேசறே?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டார்.

அந்தத் தெருவில் அவளுக்குச் சின்னக் கண்காரி என்று பெயர். பெரிய கண்காரி அவளுடைய அக்கா. விபத்திலோ நோயிலோ கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து பொருத்தும் அந்தக் கடையைத் தொடங்கியவள் அக்காதான். அச்சு எடுப்பதும் மெருகேற்றுவதும் தங்கையின் வேலை. கருவிழிக்கு நிறம் தீட்டுவது அக்காவின் வேலை. அக்கா இறந்த பிறகு சில மாதம் பூட்டிக் கிடந்த கடையைத் தங்கை மறுபடி திறந்தாள். நிறம் தீட்டவும் கையைப் பழக்கிக்கொண்டாள். எல்லாம் செய்தும் ஆள்தான் வரவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் ஒருவராவது வராவிட்டால் கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிடுவது என்று மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது.

அலமாரித் தட்டுகளில் மாதிரிக் கண்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கிவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால், லாரி போன அதிர்வோ என்னவோ, இரண்டு மூன்று மட்டும் அவள் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். முன்பெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பாள். இப்போது தட்டின் மேல் துணியைப் போட்டு மூடினாள். யாரும் வராமல், யாரும் பேசாமல், தான் நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்து கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்ட நாளும் உண்டு.

ஒரு முற்பகலில் மறுபடி மணி அடித்தது. எடுத்தாள். வழக்கமான மௌனம். இந்த முறை மட்டும் அது உடைந்தது.

"நீங்க யாரு பேசறது?"

"கடைக்காரிதாங்க."

"கடைக்காரங்க செத்துப் போயிட்டாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"உங்க கடையேதான் சொல்லுது. தினம் சொல்லுது. ஆனா உங்க குரல் அவங்க குரலா இருக்கு. நாப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து குரலைக் கேட்டே சோறு தின்னவன் நான். எனக்குத் தப்பாது. இருங்க, நேர்ல வர்றேன்."

அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே குரல். பெற்ற அப்பாவே அடுத்த அறையிலிருந்து மாற்றிக் கூப்பிடுவார். அது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனை வைத்தவர்கள் அக்காவின் குரலை அறிந்த பழைய ஆட்களாக இருக்க வேண்டும். கடை எப்படிப் பேசும் என்பது மட்டும் புரியவில்லை.

எக்ஸ்சேஞ்ச்காரர் மதியத்துக்குள் வந்துவிட்டார். கையில் வெள்ளைக் கோல். இரண்டு கண்களும் அக்கா செய்து கொடுத்தவை. அதில் ஒன்று சரிந்து வேறெங்கோ பார்த்தது. உட்கார்ந்ததும் தன் கைபேசியில் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தார். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கைபேசியின் வாசிப்புக் குரல் உணர்ச்சியே இல்லாமல் சொன்னது:

"தலைப்பு, நிலை ஒன்று. இக்கடையை நடத்திவந்த அம்மையார் காலமானார். கடை மூடப்பட்டது."

அவள் அவசரமாகத் தன் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாள். அப்படி ஒரு வரியே இல்லை. கடையின் படத்துக்கு மேலே வெற்று வெள்ளைப் பட்டை ஒன்றுதான் இருந்தது. அழகுக்காக விட்ட இடம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இங்க ஒண்ணுமே இல்லீங்களே."

"எனக்குக் கேக்குதே."

மறுபடி ஓடவிட்டார். அந்த வெறுமையைப் பார்த்தபடியே அவள் அதைக் கேட்டாள். பிறகு சுட்டியை அந்த வெள்ளை இடத்தின் மேல் அழுத்தி இழுத்தாள். நீலப் பட்டை விழுந்தது. அதற்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அம்மையார் காலமானார்.

பக்கத்தை உருவாக்கியவன் அக்காவின் மகன். கூப்பிட்டதும் வேலையிடத்திலிருந்து ஓடி வந்தான்.

"பூட்டிக் கிடந்தப்ப போட்ட இதை எடுத்துடுன்னு கடை திறந்த அன்னிக்கே சொன்னேன்ல?"

அவன் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "எடுக்கத்தான் உக்காந்தேன் சித்தி. அம்மாவைப் பத்தி இருந்ததே அந்த ஒரு வரிதான். அழிக்கக் கை வரல. எழுத்தை வெள்ளையாக்கிட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு..."

"நம்ம கடைக்கு வர்றவங்க யாருடா? கண்ணு போனவங்கதானே?"

எக்ஸ்சேஞ்ச்காரர் இடையில் புகுந்தார். "திட்டாதீங்கம்மா. தம்பி, நாங்க பக்கம் முழுக்க உக்காந்து கேக்கறதில்ல. தலைப்பு தலைப்பா தாவிப் போவோம். முதல் தலைப்பே சாவுச் செய்தின்னா அதுக்கு மேல யாரு போவா? இணையத்துல தேடற இடத்துலயும் இதைத்தான் கடையோட பேருக்குக் கீழ காட்டுதாம், என் பேத்தி சொன்னா. துணிஞ்சு தாண்டினாலும் அடுத்த தலைப்பு ‘வாருங்கள்’, அதுக்கடுத்தது ‘வணக்கம்’, அப்புறம் போன் நம்பர். செத்தவங்க வீட்டுக்குள்ளேருந்து யாரோ வா வான்னு கூப்பிடற மாதிரி இருந்துச்சு, போங்க!"

"எழுத்து பெருசா தெரியட்டும்னு எல்லாத்தையும் தலைப்பாக்கிட்டேன் சார்."

"பெருசா காட்ட வேற வழி இருக்குமில்ல? தலைப்புன்னா உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்."

மூவரும் கணினிமுன் உட்கார்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலான நிலை ஒன்றில் ஒரே ஒரு தலைப்பு: செயற்கைக் கண் செய்து பொருத்துமிடம். அதற்குள் அடங்கும் நிலை இரண்டில் கண் செய்யும் முறை, பராமரிப்பு, கடை நேரமும் வழியும், எங்களைப் பற்றி. வாருங்களும் வணக்கமும் சாதாரண வரிகளாயின. பழைய வரியின் மேல் கையை வைத்துக்கொண்டு பையன் சித்தியைப் பார்த்தான்.

"அழி. ‘எங்களைப் பற்றி’க்குக் கீழ, மூணாம் நிலையில, ‘கடையைத் தொடங்கியவர்’னு போடு. கறுப்புல போடு. அவ எப்படி நிறம் தீட்டுவான்னு எழுது, எப்படிப் போனான்னு வேண்டாம்."

அவன் எழுதினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினான். முடித்ததும் எக்ஸ்சேஞ்ச்காரர் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தாவிக் கேட்டார். மூன்றாம் நிலைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்திக் கேட்டார்.

"தேடற இடத்துல பழசு இன்னும் சில நாள் நிக்கும்" என்றான் பையன் தயங்கி.

"நிக்கட்டும். அதுவரைக்கும் பாதி உயிரோட இருந்துக்கறேன்" என்றாள் அவள்.

எக்ஸ்சேஞ்ச்காரர் சிரித்தார். "அப்ப என் வேலையைப் பாருங்க. ரெண்டும் தளர்ந்து சுத்துது. பஸ்ஸுல பேத்தி மானத்தை வாங்கிட்டா. தாத்தா, ஒரு கண்ணு என்னைப் பாக்குது, இன்னொண்ணு டிரைவரை முறைக்குதுங்கறா."

நாற்காலியில் சாய்ந்து, கண்கள் இரண்டையும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். உடம்பின் சூடு இன்னும் அவற்றில் இருந்தது. அக்கா தீட்டிய பழுப்பு நிறம் துளியும் மங்கவில்லை. இரண்டும் அவளையே பார்த்தன. எங்கே அசைத்தாலும் அவளையே பார்த்தன.

விரலை மடக்கி மூடிவிடத்தான் முதலில் தோன்றியது. மூடவில்லை. புதிய கண்களுக்கு நிறம் பார்த்துத் தீட்ட வசதியாக அவற்றைக் கழுவி, கருவிழி தன் பக்கம் இருக்கும்படி மேசைமேல் வைத்தாள். பிறகு அச்சு எடுக்கும் பசையைக் குழைக்கத் தொடங்கினாள்.