நீலச் சட்டையின் கை

அம்சம் துணிக்குக் கத்தரிக்கோல் வைக்க மாட்டாள். ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பாள். "கத்திரி பட்டா கோணிக்கும். கிழிச்சா துணி தன் வழியிலயே நேரா போவும்" என்பாள். வயல் வேலை இல்லாத பகலில் வேப்ப நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தால், துண்டுத் துணிகளை ஒட்டி அவள் தைத்துவரும் போர்வை மடிக்கு வந்துவிடும்.

துண்டுகள் நன்னிலம் கடைத்தெருவிலிருந்து வருகின்றன. அங்கே தையல்காரர் பக்கிரி எல்லாக் கட்சிக்கும் கொடி தைக்கிறார். தேர்தல் வந்தால் மிஞ்சிய துண்டுகளை மூட்டையாகவே தூக்கிக் கொடுத்துவிடுவார். கறுப்பு சிவப்பும், வெறும் சிவப்பும், மூவர்ணமும் போர்வையில் உரசிக்கொண்டு கிடக்கும். "மேடையிலதான் அடிச்சிக்கிறாங்க. இங்க பாரு, சத்தமே இல்ல" என்று சிரிப்பாள்.

இரண்டு பேர் படுக்கிற அகலம். அவளோ தனியாள். கணவன் மருதையனைப் பெயர் சொல்ல மாட்டாள், 'அது' என்பாள். "அதுக்கு நெட்டக் காலு. பழைய போர்வையில பாதம் வெளியதான் கெடக்கும்" என்று கால்மாட்டில் இன்னொரு வரிசை ஒட்டுவாள். கூலி கூட்டிக் கேட்ட தகராறில், மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி நெல் அறுத்த அன்று வயலில் கைகலப்பு. வழக்கில் பெயர் விழுந்ததும் ஆற்றைத் தாண்டிப் போனவன்தான். பிறகு ஆட்சி மாறியது, கூலியும் கொஞ்சம் ஏறியது. அவன் வரவில்லை. அவளுக்கு அவன் வந்து அந்தப் போர்வையில் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் விட்டுப்போனது ஒரு நீலச் சட்டை. மிராசுதார் தெருவில் கூலிக்காரர்கள் யாரும் சட்டை போட்டு நடக்கக் கூடாது, மருதையன் இந்தச் சட்டையோடு நடந்தான். போலீஸ் மோப்ப நாயோடு வந்து அவன் துணியைக் கேட்டபோது, அம்சம் அதைத் துண்டு மூட்டைக்குள் திணித்துவிட்டாள். அப்புறமும் அங்கேயே விட்டுவைத்தாள். கந்தல் மூட்டையை யார் கிளறப் போகிறார்கள்?

போன வாரம் அவள் காய்ச்சலில் படுத்தபோது, பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் ஒத்தாசையாகப் போர்வையைக் கையில் எடுத்தாள். மூட்டைக்குள் போன துணி கிழிக்கத்தான் என்பது அந்தத் தெருவின் வழக்கம். சட்டையின் ஒரு கையைக் கிழித்து விரித்து, கால்மாட்டு வரிசையில் பாங்காகத் தைத்துவிட்டாள்.

அம்சம் எழுந்து வந்து பார்த்தாள். கால்மாட்டு நீலத்தைத் தொட்டு, "இது அதோட சட்டைக்கா" என்றாள்.

"தெரியாமப் பண்ணிட்டேனேடி, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தங்கம்மாள் அழுதாள்.

"அழுவாதக்கா. அந்த ஊசிய இப்படிக் குடு."

"போர்வையிலயே இருந்துட்டுப் போவட்டுமே. இனிமே வந்து இதப் போட்டுக்கவா போவுது?"

"கையில்லாத சட்டையோட அந்தத் தெருவுல அது எப்படிக்கா நடக்கும்?"

தையலை நிதானமாகப் பிரித்தாள். நீலத் துண்டை மறுபடி மடித்து மூட்டி, தோளோடு சேர்த்துத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு, தையல் நிற்கிறதா என்று பார்ப்பவள் போல, அந்தச் சட்டைக் கைக்குள் தன் கையை விட்டாள். வேப்ப நிழல் நகர்ந்து வெயில் முகத்தில் அடித்தது. கையை அவள் வெளியே எடுக்கவில்லை.