பதிவேட்டில் முதல் பெயர்

காலை ஒன்பதேகாலுக்கு அம்சவல்லி டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் கூப்பிடுவது மதிவதனியைத்தான். பதிவேட்டில் அவள் பதினேழாவது. இதென்ன புது முறை என்று யாராவது கேட்டால் டீச்சரிடம் பதில் தயார்: "வராத புள்ளயத்தாங்க மொதல்ல கூப்புடணும். வந்த புள்ளைங்க எங்க ஓடிடப் போவுது?"

மதிவதனி மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா அன்புக்கரசி, செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஒன்றரை வயதுத் தம்பியை யார் பார்ப்பது? அக்காக்காரிதான். பெயருக்குப் பதில் வராத நாளில் டீச்சர் வகுப்பை உதவி ஆசிரியையிடம் விட்டுவிட்டு மேசைமேல் கிடக்கும் ஸ்கூட்டிச் சாவியை எடுப்பார். பத்தே நிமிடம். பின்னால் மதிவதனி, முன்னால் தம்பி என்று வந்து இறங்குவார்கள்.

தம்பி நேரே சத்துணவுக் கூடத்துக்குப் போய்விடுவான். சமையல் செய்யும் செல்வநாயகி, "எனக்கு சம்பளம் சோறாக்கவா, தொட்டில் ஆட்டவா டீச்சர்?" என்று அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே முட்டையில் பாதியைப் பிட்டு அவன் வாயில் வைப்பாள்.

இந்தப் பள்ளியில் இப்படிப் பதினான்கு வருடம். மதிவதனிக்கு முன்னால் அந்த முதல் இடத்தில் வேறு வேறு பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் கணவர் குருமூர்த்தி கேலி செய்வார்: "ஒனக்குத் தாலி கட்டுனது நானா, அந்த ஸ்கூலா?" டீச்சர் யோசித்துத்தான் பதில் சொல்வார்!

போன வருடம் செராமிக் தொழிற்பேட்டையைத் தாண்டி, பள்ளி இருந்த ஊராட்சியை விருத்தாசலம் நகராட்சியோடு சேர்த்தார்கள். ஊர் போனால் பள்ளியும் போகத்தானே வேண்டும்? சுவரில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றிருந்ததன்மேல் வெள்ளையடித்து, 'நகராட்சித் தொடக்கப் பள்ளி' என்று நீலத்தில் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் மாறவில்லை. ஆசிரியர்களுக்குத்தான் ஒரு படிவம் வந்தது. நகராட்சிக்கு வந்தால் இதே பள்ளி, ஆனால் இத்தனை வருடப் பணிமூப்பு போய்விடும். ஒன்றியத்திலேயே இருந்தால் மூப்பு இருக்கும், ஆனால் வேறு கிராமத்துப் பள்ளிக்குப் போக வேண்டும்.

"மூப்பு போனா மசுரு போச்சு," என்றார் குருமூர்த்தி. "அந்தப் புள்ளைங்கள வுட்டுட்டு ஒரு வாரம் தாங்குவியா நீ?"

தாங்க மாட்டார். அது அவருக்கே தெரியும். நகராட்சிதான் என்று முடிவு எடுத்தாகிவிட்டது. படிவம் கேட்ட அன்று காலை, மதிவதனியையும் தம்பியையும் கொண்டுவந்து இறக்கிய கையோடு மளமளவென்று நிரப்பினார். பெயர், பிறந்த தேதி, பள்ளி. அடுத்த கட்டத்தில், தொடர விரும்பும் இடம். இருபத்தாறு வருடமாக எந்தப் படிவம் வந்தாலும் பள்ளியின் பெயருக்கு அடுத்து அவர் எழுதியது ஒன்றே ஒன்றுதான். அன்றும் கை அதையே எழுதியது: விருத்தாசலம் ஒன்றியம். கையெழுத்தும் போட்டாயிற்று. செல்வநாயகியிடம் போய், "எழுதிக் குடுத்துட்டேன். இனிமே என்னை எவனும் அசைக்க முடியாது," என்று பெருமையாக வேறு சொன்னார்.

தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்பார்களே, அதுதான் நடந்தது. இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆர்டர் வந்தது. அலறியடித்துக்கொண்டு கல்வி ஆபீசுக்கு ஓடினார். கிளார்க் ராகவேந்திரன் படிவத்தை எடுத்துக் காட்டினார்.

"நீங்க எழுதுனதுதானே டீச்சர்?"

"ஐயோ சார், அது பழக்கத்துல கை எழுதுனதுங்க. மனசு எழுதலீங்க."

"ஆர்டர் ஆயிடுச்சுங்களே. இனி அடுத்த வருஷம் மாறுதல் கலந்தாய்வுலதான் பாக்கணும்." அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் பாட்டிலை டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கடைசி நாள் செல்வநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார் டீச்சர். "அவ வரலைன்னா..."

"அடுப்ப வுட்டுட்டு நான் எங்க போவேன் டீச்சர்? எனக்கு வண்டியும் ஓட்டத் தெரியாதே," என்று அழுதாள் அவள்.

புதுப் பள்ளியில் குறை ஒன்றும் இல்லை. தங்கமான பிள்ளைகள். ஆனாலும் சாயங்காலம் ஆனால் டீச்சருக்கு இருப்புக் கொள்ளாது. செல்வநாயகிக்கு போன் போட்டு நலம் விசாரிக்காமலே கேட்பார்: "வந்தாளா?" முதல் வாரம், "வந்தா டீச்சர்." இரண்டாம் வாரம், "இன்னிக்கு வரல." அப்புறம் ஒரு வியாழக்கிழமை, "மூணு நாளா காணோம் டீச்சர். தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறாளாம். வண்டி சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடியாறாளாம்." அன்றைக்கு டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதேகால். புதுப் பள்ளியில் டீச்சர் பதிவேட்டைத் திறந்தார்.

"மதிவதனி!"

வகுப்பு விழித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, பதில் வராத பெயருக்கு வழக்கமாகச் சொல்வதையே எழுந்து சொன்னாள்:

"அவ வர்லீங்க டீச்சர்."

டீச்சர் மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போய்விட்டார். அங்கே போய்த்தான் நின்றார்.

"எங்க டீச்சர் போறீங்க?" பின்னாலிருந்து அதே பெண்.

"எங்கயும் இல்லம்மா," என்றார். சாவி கையில்தான் இருந்தது.