ஒளிவாள் அந்தக் கதவை வெட்டுமா?

இன்று குற்றாலம் மெயின் அருவி வரிசையில், தோளில் துண்டோடு பள்ளித்தோழன் சங்கரன் எதிர்ப்பட்டான்.

சௌக்கியம்கூடக் கேட்கவில்லை. "ஏலே, அந்த ஒளிவாள் வெட்டாதுலே" என்றான்.

எண்பதுகளில் தென்காசியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த காமிக்ஸில், உடைக்கவே முடியாத உலோகக் கதவின் முன் நாயகன் ஒளிவாளை ஓங்குவான். அடுத்த பக்கம் கிழிந்திருந்தது. சண்டை அன்று தொடங்கியது.

"வெட்டுப்பட்டுட்டா அப்புறம் என்னலே உடைக்க முடியாத உலோகம்?" என்றான் இன்றும்.

அருவி விழும் பொங்குமாகடல் பள்ளத்தைக் காட்டினேன். "வெறும் தண்ணி பாறைய இவ்வளவு ஆழமாக் குடைஞ்சிருக்கு. ஏலே, ஒளி வெட்டாதா?"

"தண்ணிக்கு அவசரம் இல்ல. உன் ஆளுக்குப் பின்னால எதிரிப் படைல்லா வருது."

போலீஸ்காரர் விசிலடித்து எங்களை அருவிக்குள் அனுப்பினார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் இருவரும் விடாமல் கத்தினோம்.

இப்போது தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வெட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அருவிக்கு வரவும்.